எங்கடை கரை யாகப்பு

சைக்கிளை வேலியில் சாய்க்கும் முன்பே யாகப்பு ஹான்டிலில் தொங்கும் உமலைக் கழற்றிவிடுவான். பனையோலையில் பின்னிய பை அது. அதற்குள் ஒரு பொலித்தீன் பை, பைக்குள் பழைய சாரத் துண்டு, துண்டுக்குள் மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி. நைலோன் நூலைத்தான் எங்கள் பக்கத்தில் தங்கூசி என்போம். நூலை வெளியே எடுக்கமாட்டான். கையை மட்டும் உள்ளே விட்டு, உறங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு தடவு தடவுவான். பிறகு உமலைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பான்.

"சம்மாட்டியார், இண்டைக்கு நூல் ஆற்றை கையிலை?"

"சீவரத்தினத்தின்ரை கையிலை."

"அப்ப நான் தண்டு வலிக்கிறன்."

தொழிலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே மறுமொழி, பிறகு துடுப்பான தண்டைப் பிடிப்பான். கேள்வியில் கெஞ்சலும் இராது, கோபமும் இராது. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல இருக்கும்.

எனக்கு மாதகல் கரையில் தொழில்காரர் கூடும் கொட்டிலான ஒரு வாடியும் மூன்று வள்ளங்களும் உண்டு, அதனால் சம்மாட்டி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறத்தியாரின் வலையை இழுத்து, பிறத்தியாரின் கருவாட்டைக் காயவைத்து, பிறகு ஒரு ஓட்டை வள்ளத்தை வாங்கிப் பலகை பலகையாய் மாற்றி எழும்பினேன். வாசிப்பைக் கடைக்காரன் சாமான் சுற்றித் தரும் கடதாசிகளில் பழகினேன். இன்றைக்கு என் கையெழுத்தைப் பார்த்து வாத்திமார் வாய் பிளக்கிறார்கள். அறுபத்தைந்து வயதிலும் என் சுக்கானை இன்னொருவன் கையில் கொடுத்ததில்லை. என்னைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு புத்தகம் வேண்டும். யாகப்புவுக்கு இரண்டு மூன்று பக்கம் போதும் என்று தொடங்கியிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவன். குள்ளம். கழுத்து என்று ஒன்று இல்லை, தோளுக்கு மேல் நேரே தலை. சைக்கிளுக்குப் பிறேக் இல்லை, குதிக்காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவான். இடது காதில் எப்போதும் ஒரு சுருட்டுத் துண்டு இருக்கும். அதை அவன் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. எந்தக் கதையையும் "எங்கடை கரையிலை" என்று தொடங்குவது அவன் பழக்கம். வாடியில் தேத்தண்ணி குடித்தால், எங்கடை கரையிலை இஞ்சி தட்டிப் போடுறது என்பான். காகம் கத்தினால், எங்கடை கரையிலை காகம் இவ்வளவு வாய் காட்டாது என்பான். கேட்டுக் கேட்டுச் சலித்த என் மைத்துனன் சீவரத்தினம் அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டான். "எங்கடை கரை, இஞ்சை வா" என்று கூப்பிட்டால், இவன் முகம் கோணாமல் "ஓம்" என்று போவான்.

அவனுடைய கரை மயிலிட்டி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரோடு எழும்பி ஓடி வந்தபோது சனம் அரிசி எடுத்தது, உடுப்பு எடுத்தது, சாமிப் படம் எடுத்தது. யாகப்பு நூலை எடுத்தான். அதை அவன் பெண்சாதி லூர்த்தம்மா இன்னும் மன்னிக்கவில்லை. ஒருநாள் நான் அவர்கள் இருக்கும் சண்டிலிப்பாய்க்குப் போயிருந்தபோது என்னிடமே முறையிட்டாள். "எனக்கு மாத்திக் கட்ட ஒரு சீலை இல்லை. நூலுக்கு மட்டும் சாரம் சுத்தி வைச்சிருக்கிறார். உதுக்கும் ஒரு நிவாரணக் கூப்பன் எடுத்துக் குடுங்கோ சம்மாட்டியார், வீட்டிலை ஒரு ஆளாத்தான் திரியுது."

சண்டிலிப்பாயில் தில்லைநாதர் என்ற கமக்காரரின் புகையிலைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். நல்ல மனிதர், வாடகை கேட்பதில்லை. ஆனால் முதல் கிழமையே அவரை யாகப்பு கலங்கடித்துவிட்டான். நூலின் சுருள் எடுப்பதற்காக இரண்டு பனைகளுக்கு நடுவில் அதை இழுத்துக் கட்டியிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒருவன் காணிக்குக் குறுக்கே நூல் பிடித்தால் மற்றவனுக்கு என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. தில்லைநாதர் மண்வெட்டியோடு ஓடி வந்து, எல்லை போடுகிறாயா என்று கேட்டாராம். "பயப்பிடாதேங்கோ ஐயா. உங்கடை மண்ணிலை எனக்கு ஒரு சாணும் வேண்டாம். நான் கடல்காரன்" என்று இவன் சொன்னானாம். அந்தக் கொட்டிலை இவன் இன்றுவரை வீடு என்று சொன்னதில்லை. "இருக்கிற இடம்" என்பான்.

அந்தத் தில்லைநாதரே பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிப் பாய்ச்ச ஆள் தேவை என்று கேட்டார். லூர்த்தம்மாவுக்கு நல்ல விருப்பம். தோட்டத்தில் அலை இல்லை, வடக்கே கோடு கீறியதுபோல நிற்கும் கடற்படைக் கப்பலும் இல்லை. புருசன் மத்தியானம் சோற்றுக்கு வந்துவிடுவான். அவள் நாலு நாள் அழுதபிறகு யாகப்பு ஒரு சொல் கொடுத்தான். என் வள்ளத்தில் தண்டு பறிபோனால் மறுநாளே மண்வெட்டி பிடிப்பதாகச் சொன்னான். வேறு வாடிகளுக்குப் போகவும் வழியில்லை, எழும்பி வந்த சனத்தால் எல்லா வாடியும் நிறைந்திருந்தது. ஆகவே என் வள்ளத்தின் தண்டுதான் அவனைக் கடல்காரனாக வைத்திருந்தது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நூலை ஏன் கொடுக்கவில்லை என்று வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேற்றுக் கரை ஆள் தண்டு வலிக்கலாம், வலை இழுக்கலாம், பங்கும் எடுக்கலாம். ஓடுகிற வள்ளத்தின் பின்னால் இரையை ஓடவிட்டுப் பிடிக்கும் ஓட்டுத் தூண்டிலை மட்டும் தொடக்கூடாது. நூல்காரன் தன் வாயால் விட்டுக்கொடுத்தால் ஒழிய நூல் கைமாறாது. நூல்காரனுக்கு வாடியில் ஒரு மரியாதை உண்டு. என் வாடியின் குறுக்குமரத்தில் ஆணிகள் வரிசையாக அடித்திருக்கிறேன். ஆளுக்கொரு ஆணி. எவனுடைய நூல் ஆணியில் தொங்குகிறதோ அவன் என் வாடி ஆள். வந்து போகிறவனுக்கு ஆணி இல்லை.

இனி மீனைச் சொல்கிறேன். மயில்மீன் என்போம். தளப்பத்து என்று தெற்கில் சொல்கிறார்கள். ஆள் நீளத்துக்கு மேல் வளரும், மூக்கில் ஈட்டிபோல ஒரு அலகு, முதுகில் மடித்து விரிக்கும் நீலப் பாய். விரித்தால் மயில் ஆடுவதுபோலத்தான் இருக்கும். கடலில் அதைப்போல ஓடுகிற மீனை நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர் காசு செலவழித்து விளையாட்டுக்கு அதைப் பிடிக்கிறார்களாம், பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார்களாம். யாகப்புவிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "படம் எடுத்துப்போட்டு, கறிக்கு என்ன செய்யிறவையாம்?"

முந்தி எஞ்சின் பூட்டி ஆழக்கடலுக்குப் போய்த்தான் அதைத் தேடுவோம். இப்போது எஞ்சினுக்குத் தடை, மண்ணெண்ணெய் விளக்குக்கே இல்லை. என்னுடைய இரண்டு யப்பான் எஞ்சின்களும் சாக்குச் சுற்றிக்கொண்டு உறங்குகின்றன. கரை கண்ணில் தெரியும் தூரத்துக்குள்தான் தொழில். ஆனால் வாடைக் காற்று விழுந்து கடல் படுத்த பிறகு முரல் என்ற சின்ன மீன் கூட்டமாய்க் கரைப்பக்கம் வரும். முரலைத் துரத்திக்கொண்டு மயில்மீனும் வரும். இரண்டு பேர் தண்டு வலிக்க, தூண்டிலில் குத்திய முரல் வள்ளத்தின் பின்னால் நீந்துவதுபோல ஓடும்.

இந்த வருடம் வந்தது. ஒன்றல்ல, பல. ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. நூல் பிடித்தவன் சீவரத்தினம். அறுக்குளா மீன் பிடிப்பதில் அவனை அடிக்க இந்தக் கரையில் ஆள் இல்லை. அறுக்குளா வந்த வேகத்தில் பல்லால் வெட்டும். நூல் துள்ளியதும் வெட்டி இழுக்கவேண்டும். அதே கையால் மயில்மீனுக்கும் இழுத்தான். இழுக்க இழுக்க வெறும் இரைதான் வந்தது. முரலின் முதுகுத் தோல் உரிந்திருக்கும், பல் பட்ட அடையாளம் இராது.

தண்டில் இருப்பவன் வள்ளத்தின் பின்பக்கம் பார்த்தபடிதான் வலிப்பான். ஆகவே யாகப்புவுக்கு எல்லாம் கண்முன்னே நடந்தது. சீவரத்தினத்தின் முதுகும் அதற்கப்பால் ஓடுகிற இரையும் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. மயில்மீன் முதலில் கடிக்காது, அலகால் அடிக்கும், அடிபட்ட இரை செத்துத் தாழ்வதைப் பார்த்துத் திரும்பி வந்துதான் விழுங்கும், அந்த நேரம் இரையை ஓடவிடாமல் சாகவிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். சொல்லத் தொடங்கியது "எங்கடை கரையிலை" என்று. அதற்குப் பிறகு சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு காலையில் நீலப் பாய் ஒன்று இரைக்குப் பின்னால் எழும்பியது. நூல் ஒரு தட்டுத் தட்டியது. அந்தக் கணம் வள்ளம் ஒருபக்கமாகச் சுழன்றது. திரும்பிப் பார்த்தால் யாகப்பு தன் தண்டைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்திருக்கிறான். நூலைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. தண்டு அவனுடையது. தண்டு நின்றால் வள்ளம் நிற்கும், வள்ளம் நின்றால் இரை தாழும். அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறான். ஆனால் சீவரத்தினம் வழக்கம்போல வெட்டி இழுத்தான். முரல் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. மீன் போய்விட்டது.

சொல்லாமல் தண்டை நிறுத்துவது சின்னப் பிழையல்ல. பாறைப் பக்கத்தில் அப்படி நிறுத்தினால் வள்ளம் உடைந்துபோகும். நான் வாடிக்கு வரும்வரை பொறுத்திருந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "இன்னொருதரம் தண்டு நிண்டா, நீ என்ரை தண்டிலை இருக்கமாட்டாய்."

சீவரத்தினம் சிரித்தான். சண்டிலிப்பாய்ப் புகையிலைக்கு நல்ல ஆள் கிடைத்துவிட்டது என்றான். யாகப்பு உமலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, "சரி சம்மாட்டியார்" என்றான். சரி என்றவனின் முகத்தை நான் பார்த்தேன். ஆளைக் கண்டதும் எடை போடுகிறவன் நான். இவன் மறுபடியும் தண்டை நிறுத்தப்போகிறான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சில நாட்களில் அது வந்தது. வெயில் ஏறிய நேரம், கடல் எண்ணெய் வார்த்ததுபோலக் கிடந்தது. முரல்கள் வெள்ளிக் கம்பிகளாய்த் துள்ளின. அவற்றின் பின்னால் ஒரு பாய் விரிந்தது, முன்பு கண்டவற்றை விடப் பெரியது. நூல் தட்டியது. யாகப்பு தண்டைத் தூக்கித் தொடைமேல் வைத்தான். மறுபக்கத் தண்டில் இருந்தவன் பஞ்சலிங்கம், ஒரு நாளைக்கு மூன்று சொல் பேசினால் அதிகம். அவனும் தன் தண்டைத் தூக்கிவிட்டான். ஒரு தண்டு மட்டும் நின்றால் வள்ளம் சுற்றும் என்று பிறகு காரணம் சொன்னான். சீவரத்தினத்தின் தோள் இழுப்பதற்காக எழும்புவது எனக்குத் தெரிந்தது.

அப்போது யாகப்பு வாயைத் திறந்தான், அவசரமே இல்லாமல். "சீவரத்தினம், நீ நூல் பிடிக்கிறேல்லை, கிணத்திலை வாளி இழுக்கிறாய். எங்கடை கரையிலை பொம்பிளையள் உதைவிட மெல்லமா அள்ளுவினம்."

என் மைத்துனனின் ஏச்சுக்கு மாதகலில் பெயர் உண்டு. அவன் ஆளை நேரே ஏசமாட்டான். பூட்டனில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி வருவான். இழுக்க எழும்பிய தோள் அப்படியே நிற்க, உடம்பை முழுதாகத் திருப்பி யாகப்புவின் பூட்டனைப் பிடித்தான். கையில் நூல் இருப்பது அவனுக்கு மறந்துபோயிற்று. வள்ளம் நின்றது, நூல் தொய்ந்தது, முரல் வெள்ளையாய்ப் பளிச்சிட்டுக் கீழே தாழ்ந்தது. "வலியுங்கோடா" என்ற சொல் என் வாய்க்குள் இருந்தது. விழுங்கிவிட்டேன். எப்போது வாயை மூடுவது என்று கடல் எனக்குக் காட்டித் தந்திருக்கிறது. ஏச்சு பூட்டனை முடித்துப் பாட்டனுக்கு வந்தது. தகப்பனுக்கு வரவில்லை. அதற்குள் நூல் சீவரத்தினத்தின் விரல்களுக்கிடையில் ஓடத் தொடங்கியது.

நின்று, பிறகு ஓடியது. அடித்து, வட்டம் போட்டு, திரும்பி வந்து விழுங்கிய ஓட்டம்.

"இப்ப இழு ராசா" என்றான் யாகப்பு.

சீவரத்தினம் இழுத்தான். மீன் முழு உடம்போடு தண்ணீருக்கு வெளியே எழும்பி, வாலால் நடந்து, அலகை இரண்டு பக்கமும் வீசியது. தங்கூசி சீவரத்தினத்தின் உள்ளங்கையை அறுத்தது. அவன் விடவில்லை, அவனும் ஆண்பிள்ளை. யாகப்புவும் பஞ்சலிங்கமும் தண்டைப் போட்டு மீன் போன பக்கமெல்லாம் வள்ளத்தை விட்டார்கள். நூலை வேறு கை தொடவில்லை. கடைசியில் நான்தான் கொளுக்கித் தடியைப் போட்டேன். வள்ளத்துக்குள் விழுந்தபோது அதன் பாய் கருநீலமாய் விரிந்து, பார்த்திருக்கவே நிறம் மங்கியது.

கரையில் சனம் கூடியது. சீவரத்தினம் மீனுக்குப் பக்கத்தில் நின்று, தட்டியதை உணர்ந்து தானே நூலை விட்டுக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாகப்பு சாரத்தைப் பிழிந்துகொண்டே, "ஓம், வடிவா விட்டவர்" என்றான். 

மறுநாள் காலையில் சைக்கிள் வந்தது. உமலும் வந்தது. வழக்கமான கேள்வி வரவில்லை.

"சம்மாட்டியார், ரெண்டாந்தரமும் தண்டு நிண்டது. லூர்த்தம்மாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். உங்கடை வாயாலை கேட்டால் போறன்."

நான் மறுமொழி சொல்லுமுன்னே சீவரத்தினம் வந்தான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ஒருவரையும் பார்க்காமல் வள்ளத்தில் ஏறி, யாகப்புவின் இடத்தில் குந்தித் தண்டைப் பிடித்தான்.

"என்ரை கை எரியுது, அத்தான். நூலை உந்த வாய்க்காரனிட்டைக் குடுங்கோ."

நூல் பிடிக்க ஏலாத கை தண்டு வலிக்குமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நான் யாகப்புவைப் பார்த்துச் சொன்னேன். "என்ரை தண்டிலை இருக்கமாட்டாய் எண்டுதானே சொன்னனான். இப்ப நீர் தண்டிலை இல்லை. நூலை எடும்." என் சொல் ஒருநாளும் தவறியதில்லை, அன்றும் தவறவில்லை.

உமல் திறந்தது. பொலித்தீன் பை, சாரத் துண்டு, நூல். இரண்டு வருடமாகக் கடல் காணாத நூல், ஒரு சுருள் இல்லை. முரலைக் குத்தி விட்டான். அன்று ஒன்றும் கடிக்கவில்லை. ஒரு சின்னத் தட்டுக்கூட இல்லை. வெயில் முழுவதும் அவன் அசையாமல் இருந்தான். தண்டில் இருந்த சீவரத்தினம் அவன் முதுகைப் பார்த்து, எங்கடை கரை மீனெல்லாம் இன்னும் மயிலிட்டியில்தான் நிற்கிறதோ என்று கேட்டுக் கேட்டு வலித்தான். யாகப்பு திரும்பவே இல்லை. ஏச்சுக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

அடுத்த கிழமை அவன் நூலில் ஒரு மயில்மீன் தட்டியது. அடித்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை விட்டான், விட்டான், விட்டுக்கொண்டேயிருந்தான். பிறகு ஒரு சுண்டு. சத்தமில்லாமல் மீனைக் கொண்டுவந்தான். கரையில் அதன் பக்கத்தில் நின்று படம் காட்டவில்லை. வயிற்றுப் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டித் தில்லைநாதருக்கென்று வாழையிலையில் சுற்றினான். சுற்றும்போது, "எங்கடை கரையிலை உது இன்னும் கறுப்பா இருக்கும்" என்றான். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் வாடிக்குள் போய், என் கையாலேயே குறுக்குமரத்தில் ஒரு ஆணி அடித்தேன். என் நூல் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில். அந்த இடத்தை இதுவரை நான் ஒருவனுக்கும் கொடுத்ததில்லை. சுத்தியல் சத்தம் கேட்டுச் சீவரத்தினமும் பஞ்சலிங்கமும் வந்து வாசலில் நின்றார்கள். "யாகப்பு, இது உம்முடையது" என்றேன்.

அவன் கிட்ட வந்து ஆணியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தான். உறுதியாக இருக்கிறது என்று தலையாட்டினான். தோளில் கிடந்த ஈரத் துவாயை எடுத்து, உதறி, அந்த ஆணியில் விரித்து மாட்டினான். பிறகு வெளியே போய், நூல் இருந்த உமலைச் சைக்கிள் ஹான்டிலில் கட்டி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.